ரூஜிலிருந்து அவசரப் பிரிவுக்கு: ஒரு தெரு முன்னால் இறங்கிய கதை

கனடாவுக்குப் புதிதாக வந்த பெண்கள் சிலர், கரு கலைந்து இரத்தம் போனால் எங்கே போவது என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். வெட்கப்பட்டுக் கேட்கிறார்கள். நானும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நான் அப்படிப் போனது 1997 பெப்ரவரியில், ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையான ரூஜிலிருந்து.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். செல்வி அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில், அதாவது நிலக்கீழ் அறையில், வாடகைக்கு இருந்தேன். அக்காவின் மூன்று மாதக் கரு தானாகவே கலைந்துவிட்டது. இரண்டு நாளாக இரத்தம் நிற்கவில்லை. அவருடைய கணவர் காரோடு நகரின் மறுபக்கம், பிறம்ரனில் வேலையில் நின்றார்.

“ஆஸ்பத்திரி வேண்டாம் தங்கச்சி. மன்னாரிலை எங்கட பெரியக்காவுக்கும் தானாத்தான் கலைஞ்சது. என்ன குடிச்சுக் கலைச்சனி எண்டு பொலிஸ் கட்டிலடியிலை வந்து நிண்டது. இஞ்சயும் அப்பிடியெண்டா எங்கட அகதிக் கேசும் போயிடும்,” என்றார் அக்கா.

இங்கே சட்டம் என்ன என்று எனக்கும் தெரியாது. ஆனால் அக்காவின் உதடு வெளுத்திருந்தது. டாக்சியைக் கூப்பிட்டேன். இருபது நிமிடம், பதினான்கு டொலர்.

ஓட்டுநர் யாழ்ப்பாணத்தவர். அதுதான் பிரச்சினை; கதை ஊருக்குள் பரவிவிடும்.

“ஆருக்கு, பிள்ளை, சுகமில்லை?”

“தெரிஞ்ச ஆளைப் பாக்கப் போறம், அண்ணை.”

“வீட்டுக்காரர் எங்க வேலை?”

அக்கா என் விரல்களை நெரித்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு தெரு முன்னாலேயே, “இதிலை நிப்பாட்டுங்கோ” என்றார்.

“வாசலிலை விட்டா எக்ஸ்ட்ராக் காசு கேக்கமாட்டன், தங்கச்சி!” என்று சிரித்தார் ஓட்டுநர்.

காசைக் கொடுத்துவிட்டு நானும் இறங்கினேன். பனியில் அக்கா இரண்டு தடவை மின்கம்பத்தைப் பிடித்து நின்றார். உள்ளே நுழைந்ததும், தமிழ் முகம் ஏதும் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

சேலைன் ஏற்றியதும் அக்கா கேட்டார்: “பொலிஸ் எப்ப வருமாம்?”

பக்கத்தில் நின்ற தாதிக்கு அதை மொழிபெயர்த்தேன். தாதியின் முகம் மாறியது. கணவர் அடித்தாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, எங்கள் நாட்டில் கருக்கலைப்புக் குற்றம், தானாகக் கலைந்தாலும் சந்தேகப்படுவார்கள் என்று விளக்கினேன். “இரத்தம் போகிற பெண்ணையா?” என்றார். அந்தச் சட்டத்தை நானே எழுதியதுபோலத் தலை குனிந்து ஆமென்றேன். இங்கே சட்டம் வேறு என்று தாதி விளக்கினார்.

“என்னவாம்?” என்றார் அக்கா.

“இஞ்ச அது குற்றமில்லையாம். பொலிஸ் வராதாம், அக்கா.”

அப்போதுதான் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். “பெரியக்கா பிறகு ஆஸ்பத்திரிக்கே போகேல்லை,” என்றார். “அடுத்த முறை கலைஞ்சு வீட்டிலையே செத்துப்போனா.”

கனடாவில் இருப்பவர்களுக்கு: நேராக அவசரப் பிரிவு வாசலில் இறங்குங்கள். ஓட்டுநர் எந்த ஊரவராகவும் இருக்கட்டும். எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்பதை மறைக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.

இலங்கையிலிருந்து கேட்டு எழுதுபவர்களுக்கு என்ன வழி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அங்கே சட்டம் இன்னும் அதேதான்.