அம்மா கையெழுத்தில் வந்த தபால்

ஏழாம் வகுப்பில் நான் எங்கள் பள்ளி நுகர்வோர் மன்றத்தின் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி அது என்பதை வீட்டில் சொல்லவில்லை. பதவிக்கு வந்த ஒரே வாரத்தில் எங்கள் விம்கோ நகரில் என்னைக் கண்டு அலுத்துக்கொள்ளாத கடைக்காரர் இல்லை என்றாகிவிட்டது. ஒரு ரூபாய் மிட்டாய்க்கு பில் கேட்டேன். பால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி தேடினேன். அம்மா பில் போடும் வேலை பார்த்த மருந்துக் கடைக்கே போய், சில்லறைக்குப் பதிலாக சாக்லேட் கொடுப்பது குற்றம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி அம்மா என்னோடு பேசவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணும் வேலையிலிருந்த அப்பாதான் சிரித்தார். "இன்னாம்மா, உன்னால நான் ரோட்ல நடக்க முடியல. உம் பொண்ணு இன்னா ஆபீசரான்னு கேக்குறானுங்க."

அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, எங்கள் வீட்டு முகவரியை அம்மாவே எழுதி வைத்திருப்பாள். எங்கள் பக்கத்துக் கடல்காற்றில் ஸ்டாம்பைச் சும்மா வைக்க முடியாது. நசநசத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி ஆகிவிடும். அதனால் மொத்தமாக வாங்கி வருகிற அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கவரில் ஒட்டிவிடுவாள். மாதம் ஒரு கடிதம் எழுதி, இந்தக் கவர்களில் ஒன்றை மடித்து அதற்குள் வைத்து அனுப்புவாள். பதில் போடுகிறவர் ஒரு வரி எழுதி, இதில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் தள்ளினால் போதும். இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, நல்ல வேலைக்கு எழுதிப் போடுகிறேன் என்றாள். அம்மா பி.காம். படித்தவள். நான் நம்பினேன்.

எனக்குப் பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிதங்கள் எல்லாம் ஒரே முகவரிக்குத்தான் போயின. இராயபுரத்தில் மஞ்சளும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம் செய்த அம்மாவின் அப்பாவுக்கு. தென்மாவட்டத்திலிருந்து வந்து கடை போட்டு நிமிர்ந்த குடும்பம். அம்மா வியாசர்பாடிக்காரரான என் அப்பாவைக் கட்டிக்கொண்டு, சுவரில் புத்தர் படம் மாட்டிய வீட்டுக்குப் போன அன்று அவர் சொன்னாராம்: "நானா கூப்பிட்டு விட்டா வா. அதுவரைக்கும் என் படி ஏறாத." போனில் அம்மா குரல் கேட்டால் வைத்துவிடுவார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடைக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். துறைமுக லாரிகள் வழியை அடைத்தால் ஒன்றரை மணி நேரம். அந்த தூரத்தை அம்மா தபாலில் கடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாம்பு இல்லை, கவர் இல்லை, விலாசம் தெரியாது என்று அவருக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடக் கூடாது. அதற்குத்தான் அந்த டப்பா.

அந்த வருஷம் ஒரு வகைப் பழைய ஸ்டாம்பைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று தபால் ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். மாதக் கடைசிக்கு மேல் செல்லாது, கையில் இருப்பதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்று கவுண்ட்டரில் இருந்தவருக்கே தெரியவில்லை. அம்மாவின் டப்பாவில் இருந்தது அத்தனையும் அந்த வகைதான். அம்மா, போனால் போகட்டும், புதுசு வாங்கிக்கலாம் என்றாள். நான் விடவில்லை. நமக்கு உரிமை இருக்கும்மா என்று தொடங்கி மன்றத்தில் மனப்பாடம் செய்ததை முழுக்க ஒப்பித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சரி வா, போகலாம் என்றாள்.

சனிக்கிழமை. வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். கவரில் ஒட்டியதை மாற்ற முடியாது, தனி ஸ்டாம்பாக இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். உபயோகிக்கவில்லையே, முத்திரைகூட விழவில்லையே என்றேன். ஒட்டினால் உபயோகித்த மாதிரிதான் என்றார். அடுத்த ஆள்.

அன்று மத்தியானம் அம்மா வேலைக்குப் போனதும் நான் செயலில் இறங்கினேன். துணி அலசும் பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து, இருபத்து மூன்று கவர்களையும் ஊறப் போட்டேன். ஸ்டாம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தன. அவற்றைப் பீரோக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிக் காயவைத்தேன். சாயங்காலம் அம்மா வந்து கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு பேசினைப் பார்த்தாள். அவள் எழுதியிருந்த முகவரிகள் எல்லாம் கரைந்து தண்ணீர் நீலமாக இருந்தது. "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபடி அதே கவுண்ட்டர், அதே ஆள். ஸ்டாம்பைப் புரட்டி, பின்பக்கத்தை விரலால் தடவினார். "பசை எங்க?" என்றார். ஒட்டிப் பிரித்தவை இவை, எங்கே எதிலிருந்து பிரித்தீர்களோ நான் எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்விதான், இப்போது யோசித்தால். பெரிய ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பெரிய ஆபீஸுக்குப் போக அம்மா அரை நாள் லீவு போட்டாள். பஸ் காசிமேட்டுக்கு முன்னாலேயே லாரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. இன்ஜின் சூட்டில் சீட்டெல்லாம் கொதித்தது. பிறகு ஊர்ந்து ஊர்ந்து இராயபுரத்துக்குள் நுழைந்தபோது, அம்மா என்னை ஜன்னல் ஓரம் தள்ளிவிட்டு எதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடிக்கிறது என்றாள். வெயில் அவள் திரும்பிய பக்கம்தான் அடித்தது.

அங்கே போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரம் முடிந்தபோது கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அது வேலை செய்தபோது, படிவம் இரண்டு பிரதி வேண்டும், ஆதார் நகல் வேண்டும் என்றார்கள். ஜெராக்ஸ் கடை மூன்று தெரு தள்ளி இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன், பில்லோடு. கடைசியில் ஓர் அம்மாள் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, சொந்த விலாசம் போட்டு இவ்வளவு கவர் எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அம்மா அதைக் காதில் வாங்காமல் முன்னால் குனிந்தாள். அன்று முழுக்க அவள் காத்திருந்தது வேறு ஒரு கேள்வியைக் கேட்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"மேடம், ஏற்கெனவே அனுப்பிட்ட கவர்ல பழைய ஸ்டாம்பு இருந்து, அது இனிமே வந்தா?"

"ஸ்டாம்பு ஒட்டாத தபால் மாதிரிதான். வாங்குறவங்க டபுளா கட்டி வாங்கிக்கணும்."

"கட்டினா குடுத்துடுவாங்கல்ல?"

"கட்டினா குடுப்பாங்க."

அம்மா முகம் தெளிந்துவிட்டது. எனக்கோ ரத்தம் கொதித்தது. நம்மிடம் விற்றது அவர்கள், செல்லாது என்றது அவர்கள், தண்டம் மட்டும் நமக்கா என்று அங்கேயே கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார். பதினைந்து நாள் கழித்து வந்து பாருங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தார். நாங்கள் மறுபடி போகவில்லை. அந்தச் சீட்டு இன்னும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

மறுநாளிலிருந்து அம்மா ஒரு பத்து ரூபாய் நோட்டைச் சாமான் அலமாரியில், டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போஸ்ட்மேன் ஏதாவது கேட்டால் கொடுத்து வாங்கி வை, ஒன்றும் பேசாதே என்று என்னிடம் சொல்லியிருந்தாள். 'ஒன்றும் பேசாதே' என்பதை இரண்டு முறை சொன்னாள்.

பரீட்சை லீவில் ஒரு நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் போஸ்ட்மேன் வந்து சைக்கிளில் இருந்தபடியே பெல் அடித்தார். எங்கள் தெருவுக்குப் பல வருஷமாக வருகிறவர். கையில் ஒரு கவர். முகவரி அம்மாவின் கையெழுத்து. மடிப்புக் கோடுகள் தெரிந்தன. பின்பக்கம் ஊதா நிறத்தில் ஏதோ ஒரு ஸ்டோர்ஸ் என்று சீல். மூலையில் மஞ்சள் கறை. முன்பக்கம் இராயபுரம் முத்திரை.

"ஸ்டாம்பு செல்லாதது பாப்பா. பத்து ரூபா கட்டணும். வூட்ல பெரியவங்க இல்லியா?"

நான் தயாராக இருந்தேன். வேலை இல்லை என்று சொல்வதற்கு எவனோ அனுப்பிய கடுதாசி, அதுவும் எங்கள் கவரில், எங்கள் ஸ்டாம்பில். இதற்குத் தண்டம் வேறா? அதுவும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இராயபுரத்திலிருந்து. அம்மா மாதிரி ஆட்கள் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவதால்தான் இவர்கள் கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஏற்கெனவே ஐந்து ரூபாய் கட்டியாகிவிட்டது, இனி ஒரு பைசா தர மாட்டேன் என்று சொன்னேன்.

அவர் வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பேஜார் பண்ணாதம்மா. நான் இன்னா பண்றது? வேணாம்னா ரிட்டன் பூடும்."

"போகட்டும்."

"அம்மா திட்டப் போறாங்க."

"எங்க அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க எழுதிக்குங்க."

அவர் கவரை சைக்கிள் சீட்டில் வைத்து, வாங்க மறுத்தார் என்று குறுக்காக எழுதினார். பேனா சரியாக எழுதவில்லை. என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் வழக்கம்போல அலமாரியைப் பார்த்தாள். நோட்டு அப்படியே இருந்தது. இன்றைக்கும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். நான் நடந்ததை முதலிலிருந்து, போஸ்ட்மேன் குரலில் அவர் பேசியதையும் என் குரலில் நான் பேசியதையும் நடித்துக் காட்டினேன். பாதியிலேயே அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"பின்னாடி சீல் இருந்துச்சா?"

"ஊதா சீல். ஏதோ ஸ்டோர்ஸ்."

பிறகு, "மஞ்சள் எதுவும் இருந்துச்சா?"

"இருந்துச்சே. கறை மாதிரி."

"ஒரு மூலைலயா, நாலு மூலைலயுமா?"

நான் பார்க்கவில்லை என்றேன். யோசிச்சுப் பாரு என்றாள். யோசித்தேன். கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு மூலை ஞாபகம் இருந்தது. மற்ற மூன்றும் இல்லை.

அம்மா கழற்றிய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டாள். ஒரு வழியாகச் சண்டை போடத் துணிந்துவிட்டாள் என்று நான் சந்தோஷமாகக் கூடவே ஓடினேன். தபால் ஆபீஸ் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. போஸ்ட்மேன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பை கட்டி வண்டியும் போய்விட்டது, பாப்பாதான் பிடிவாதமாகச் சொன்னது என்றார். அம்மா அவரைக் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும். அந்தக் கவர் அம்மாவின் கையெழுத்தோடும் குறுக்கே அந்த இரண்டு வார்த்தைகளோடும் இராயபுரத்துக்கே திரும்பிப் போயிருக்கும். கடையை விட்டு எந்தக் காகிதம் வெளியே போனாலும் பின்னால் சீல் குத்துகிறவர் அம்மாவின் அப்பா. அதனால் வழி தவறியிருக்க வாய்ப்பில்லை. அம்மா அதற்குப் பிறகும் எழுதினாள். நடந்ததை விளக்கி எழுதினாள், புது ஸ்டாம்பு ஒட்டி, கவர் வைத்து. பதில் வரவில்லை. நான் மன்றத்து நோட்டில் இந்தத் தபால் விஷயத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி டீச்சரிடம் வெரி குட் வாங்கினேன்.

நல்ல சேதி என்றால் கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நாள் முழுக்க மஞ்சள் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவர் தொட்ட கவரில் ஒரு மூலையில் கறை இருந்தால் அது வெறும் விரல். நாலிலும் இருந்தால் அவர் கூப்பிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் தபால் ஆபீஸிலிருந்து அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். இராயபுரம் வழியாகப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தாள். "ஏறுறியா இல்லியாம்மா?" என்றார் கண்டக்டர். அம்மா காலை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது பஸ்ஸுக்கு அவள் முன்னால் நகரவேயில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவது பஸ் எங்களுக்காகவே நிறுத்தியது போல வெகுநேரம் நின்றது. ஜன்னலோர சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தன. பிறகு அதுவும் போனது.

"இடம் இருந்துச்சேம்மா," என்றேன்.

"ஆமா," என்றாள்.