துரை வீட்டு லாந்தரும் எட்டு விதமாகப் பொருந்தும் மூடியும்

சுரங்க ஆபீஸில் டிராயிங் போடும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே என் சீட்டு கிழிய இருந்தது. காரணம் ஒரு லாந்தர்.

துரை பங்களா கேட்டின் ஒரு தூணில் சீமைக் கண்ணாடி லாந்தர் ஒன்று இருந்தது. மறு தூணுக்கும் அதே போல வேண்டுமாம். மெட்ராஸில் கணக்கு படித்த பி.ஏ. நான், விடுவேனா? பதினெட்டு சதுரம், எட்டு முக்கோணம், எல்லாப் பக்கமும் ஒரே நீளம். இடுப்பில் எட்டு சதுரம் வளையமாக நிற்கும். மேலே மூடி, கீழே அடிப்பாகம். இரண்டும் ஒரே அமைப்பு: நடுவே ஒரு சதுரம், சுற்றிலும் சதுரமும் முக்கோணமும் மாறி மாறி நான்கு நான்கு. என் டிராயிங்படி தகரக்கடை முனிசாமி அச்சாகச் செய்தார். மூடியை நானே வைத்தேன்.

மத்தியானமே ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் சாமுவேல் சார் மூச்சிரைக்க வந்தார்.

"இன்னாய்யா போட்டே? ரெண்டும் ஒண்ணா இல்லேன்னு தொரசானியம்மா குதிக்கிறாங்க. ராத்திரி விருந்து. அதுக்குள்ள சரியாவலேன்னா உன்னைய ரயிலு ஏத்தச் சொல்லிட்டாரு தொரை."

"எந்த மூலைய வேணா பாருங்க சார். மூணு சதுரம், ஒரு முக்கோணம். தப்பே வராது."

இரண்டு லாந்தரிலும் மூலை மூலையாகத் தொட்டுப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

"மூலையெல்லாம் சரிதான்யா. முழுசா பாத்தா கோணலா கீதே!"

"வேணும்னா அந்த சீம லாந்தரக் கோணலாக்கிடட்டா சார்?" என்றார் ஏணியில் நின்ற முனிசாமி.

"நீ எறங்குய்யா மொதல்ல!"

நான் ஏறினேன். சீமை லாந்தரில் மூடியின் பக்கச் சதுரத்தில் விரலை வைத்து இடுப்பு வழியாக அடிவரை இழுத்தேன்: சதுரம், சதுரம், சதுரம். நம்முடையதில் சதுரம், சதுரம், முக்கோணம். அட! நம் மூடியைத் தூக்கி, இடுப்பில் ஒரு சதுரம் அளவு திருப்பி வைத்தேன். இரண்டு லாந்தரும் ரெட்டைப் பிள்ளைகள்.

"இன்னாத்த மாத்துனே?"

"ஒண்ணும் மாத்தல சார். மூடியத் திருப்புனேன்."

"இதுக்கா பி.ஏ.?"

இருட்டியதும் விளக்கேற்ற வந்தவர் சீமை லாந்தர் மூடியை எடுத்தார், திரியைக் கொளுத்தினார், கைக்கு வந்தபடி மூடினார். கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் மூடியின் சதுரம் அடியிலுள்ள முக்கோணத்துக்கு நேராக. நான் அதைக் கவனித்தபோது சாலை முனையில் முதல் குதிரைவண்டி திரும்பிவிட்டது. ஏணியில் ஏறி, சுடச்சுட இருந்த மூடியைக் கோட்டால் பிடித்துத் திருப்பிவிட்டுக் குதித்தேன். வேலை தப்பியது, கோட்டு தப்பவில்லை.

மறுநாள் இரண்டு லாந்தரிலும் மூடிக்கும் இடுப்புக்கும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு இழுத்தேன். புதிதாக வரும் பயல்களே, அந்த மூடி எட்டு விதமாகப் பொருந்தும். நான்கு விதம்தான் சரி. பொருந்திவிட்டதே என்று ஏணியை விட்டு இறங்காதீர்கள். முதலில் கோடு போடுங்கள்.