மிஷினுக்கு ஒரு டீ

படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், ஜெனரேட்டரின் எண்ணெய்க் குச்சியை உருவித் துணியில் துடைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மண்டபத்து மேனேஜர் ஆபீஸ் ரூம் ஜன்னலில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"மாணிக்கம், தாம்பரத்துலேர்ந்து போன். உங்க ரங்கா அக்கா தவறிட்டாங்களாம்."

"சரி சார்" என்றேன். குச்சியை உள்ளே விட்டு எடுத்து எண்ணெய் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். மறுபடியும் சரியாகத்தான் இருந்தது.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் தாலி ஏறுகிற வரைக்கும் மிஷினை விட்டு நகரக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். நின்றேன். கெட்டிமேளம் கொட்டினார்கள், பந்தி நடந்தது. கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. பெண் வீட்டார் கொடுத்த தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, மிஷினை மண்டபத்திலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்குள் போய், மாலையோடு நிற்க வேண்டிய இடத்தில், தேங்காயும் வெற்றிலையும் போட்ட மஞ்சள் பையோடு நின்றேன். எங்கள் சங்கத்துப் பந்தல்காரர் செல்வம்தான் அதைக் கையிலிருந்து பிடுங்கினார்.

"யோவ், இன்னாய்யா இது? துக்க வூட்டுக்கு எடுத்துகினு வர்ற பொருளா இது?"

அக்கா பார்த்திருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்கு அப்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

நம் பந்தல், மைக்செட், ஜெனரேட்டர் வாடகைக்காரர்கள் சங்க மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பை விட்டுப் பிரிய மனமில்லாமல் அதிலேயே தங்கிப் படித்தவன் நான். என் பெரிய பெண் எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை பேனாவுக்கு ஓய்வில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரங்கநாயகி அம்மாள் இரும்புலியூர்க்காரர். மாமனார் வீட்டு நிலமெல்லாம் மனைகளாகி, கிணறும் மூடப்பட்ட பிறகு, தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சின் சும்மா கிடந்தது. கணவரும் அதற்குள் காலமாகிவிட்டார். கையில் வசந்தி என்ற சின்னப் பெண். அக்கா அந்த எஞ்சினோடு ஒரு டைனமோவை இணைக்கச் சொல்லி, பக்கத்துத் தெருக் காதுகுத்துக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தார். தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. வாடகை பேச வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லீங்களா?" என்பார்கள்.

"இருக்கார். நீங்க இப்போ அவர்கிட்டதான் பேசிகினு இருக்கீங்க" என்பார் அக்கா.

மைக்செட் கடை ஒன்றில் வயர் சுற்றிக்கொண்டிருந்த என்னை அவர் வேலைக்குக் கூப்பிட்டது அந்த நாட்களில்தான். நான் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் என்னைவிடச் சில மாதம் சின்னவர் என்று பிறகுதான் தெரிந்தது. "இனிமே மாத்தாதே. ஊரே கூப்பிடுது, நீ மட்டும் இன்னா தனியா?" என்று சொல்லிவிட்டார்.

அவரோடு பழகியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய ஒரு கேள்வியாகத்தான் இருக்கும். வண்டலூர்ப் பக்கம் ஒரு வளைகாப்பு. விளக்கெல்லாம் போய்விட்டது. நான் மிஷினை இழுத்துக் கிளப்புகிற கயிற்றுப் பக்கம் ஓடினேன். அக்கா மொபெட்டில் வந்து இறங்கினார். மிஷின் பக்கமே திரும்பவில்லை.

"சத்தம் நின்னுச்சா, லைட்டு நின்னுச்சா?"

எனக்குப் புரியவில்லை. விளக்கு இல்லை என்றால் மிஷின் நின்றுவிட்டது என்றுதான் எனக்கு அர்த்தம். பின்னால் போய்ப் பார்த்தால் எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற எஞ்சினுக்குக் கயிறு இழுக்கப் போனவன் என்று அன்று முழுக்க என்னைக் கிண்டல் செய்தார். அவருடைய கணக்கு சுலபமானது. சத்தம் இருந்து விளக்கு மட்டும் போனால், தாங்க முடியாத பாரத்தை யாரோ ஏற்றியிருக்கிறார்கள், கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர் விழுந்திருக்கிறது. சத்தமே நின்றால் கோளாறு எஞ்சின் பக்கம்: பெட்ரோல், எண்ணெய், பிளக், இல்லாவிட்டால் ஏதாவது வயர் உரசிக்கொண்டு இருக்கும்.

அடுத்து, வீட்டுக்காரர்களிடம் போனார். "கடைசியா யாரு இன்னா போட்டீங்க?"

"நாங்க ஒண்ணும் போடலியே" என்றார்கள், எல்லோரும் ஒரே குரலில். எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதத்து விசேஷமாக இருந்தாலும் இந்தப் பதில் மட்டும் மாறியதில்லை. அக்கா சண்டை போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"இல்லம்மா, வடைக்கு மாவு... கிரைண்டரைச் சும்மா ஒரு சுத்து..."

"அதைத்தானே கேட்டேன். கிரைண்டரை எடு, பிரேக்கரைத் தூக்கு. வடையில எனக்கு ரெண்டு வை."

என் பெண்கள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால், "அப்பா, இன்னிக்குச் சத்தமா, லைட்டா?" என்பார்கள். பேசாமல் இருந்தால் சத்தம். சாப்பிடாமல் இருந்தால் லைட்டு. நான் சாப்பாட்டை விடுகிற ஆள் இல்லை, அதனால் பெரும்பாலும் சத்தம்தான்.

எண்பதுகளின் கடைசியில், கையால் தூக்கக்கூடிய சின்ன ஜெனரேட்டர்களை வாங்க ஆரம்பித்தோம். அவற்றில் ஒரு புது வசதி இருந்தது. எண்ணெய் குறைந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். இந்த வசதி எனக்குச் செய்த அநியாயத்தைச் சொல்லி முடியாது. அனகாபுத்தூரில் ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நிச்சயதார்த்தம். மிஷின் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். இழுத்தால் ஓடும், நிற்கும். எண்ணெய் நிறைய இருந்தது. பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் குழாயை வாயால் ஊதப் போய் உறிஞ்சிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து பீடி பற்றவைக்கப் போனதும், வாயைப் பொத்திக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியதும் அன்றைய நிச்சயதார்த்தத்தில் தனி நிகழ்ச்சி.

அக்கா வந்தார். கையில் டீ கிளாஸ். குடித்துக்கொண்டே மிஷினைச் சுற்றி வந்தவர், கிளாஸை அதன் தலையில் வைத்தார். டீ ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி நின்றது.

"பாரு, எண்ணெயும் உள்ள இப்படித்தான் நிக்குது. சாய்ஞ்ச தரையில வச்சா அது அந்தப் பக்கம் போயிடும், இந்தப் பக்கம் காஞ்சிடும். எண்ணெய் இல்லைன்னு பயந்து மிஷின் நின்னுடுது. அது புத்திசாலிய்யா. உன்ன மாதிரி பெட்ரோல் குடிச்சிகினு நிக்கல."

ஒரு செங்கல்லை அடியில் கொடுத்தோம். டீ சமமாக நின்றது. மிஷின் சாயங்காலம் வரை ஓடியது.

அன்றிலிருந்து அது எங்கள் கடை வழக்கமாகிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், மிஷினை இறக்கியதும் அக்கா டீ சொல்வார். "மூணு டீ. மாணிக்கத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, மிஷினுக்கு ஒண்ணு." தரை சமமா என்று பார்க்க, கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன் என்று பலபேர் சொல்லிப் பார்த்தார்கள். "ரசமட்டத்தைக் குடிக்க முடியுமா?" என்று கேட்டார். தரை சரியானதும் மிஷின் டீயையும் அவரே குடிப்பார். அதற்காகத்தான் வழக்கத்தையே ஏற்படுத்தினார் என்று நான் சொல்வேன். மறுத்ததில்லை. இரும்புலியூர் முனையில் டீக்கடை வைத்திருக்கும் மாஸ்டர், அக்கா மொபெட் சத்தம் கேட்டாலே மூன்று கிளாஸ் கழுவி வைப்பார்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவரே வந்து அடிப்பார். குரோம்பேட்டையில் ஒரு கோவில் விழா. மிஷின் நின்றது. சத்தம்தான். டீ சமமாக இருந்தது, எண்ணெய் இருந்தது, பெட்ரோல் இருந்தது. யார் நிறுத்தினது என்று அக்கா எல்லோரையும் விசாரித்தார். "நாங்க ஒண்ணும் பண்ணலியே." குருக்களைக்கூட விடவில்லை. மிஷினை நான் பாதி பிரித்துவிட்டேன். கடைசியில், அக்கா தன் சாப்பாட்டுப் பையை எதில் மாட்டியிருக்கிறார் என்று பார்த்தேன். எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சின் திருகில். பையின் பாரத்தில் சுவிட்ச் ஆஃப் பக்கம் திரும்பியிருந்தது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் மிஷினை மாட்டி ஓடவிட்டதும், நேராக மைக் பக்கம் போய், "பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். நிறுத்தினது நான்தான்" என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்டுக் கேட்டு அலைந்த ஒருவருக்கு, நான்தான் என்று சொன்ன முதல் ஆளும் அவரேதான்.

இனி அக்கா தவறியதற்கு மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வசந்தி கல்யாணமாகி பம்பாயில் இருக்கிறாள். தகவல் கிடைத்ததும் ரயில் ஏறிவிட்டாள். மறுநாள் மத்தியானம் சென்ட்ரலில் இறங்கி தாம்பரம் வர வேண்டும். அக்காவின் கொழுந்தனார் அவ்வளவு நேரம் வைத்திருக்க ஒப்பவில்லை. வெயில் அப்படி. கடைசியில் பெரியவர்கள் பேசி, ஐஸ் பெட்டி ஓடுகிற வரைக்கும் காத்திருக்கலாம், அது நின்றால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவானது. பெட்டிக்குள் அக்கா இருந்தார். நான் வாசலிலேயே இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அவருடைய நாத்தனாரிடம் கேட்டார்கள், "கடைசியா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. வாசல் தெளிச்சிட்டு வந்து உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ விசேஷங்களில் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள். உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குமேல் தெருவில் கரண்ட் போனது. நம் சங்கத்துக்காரர்கள் அக்காவின் ஷெட்டிலிருந்தே சின்ன ஜெனரேட்டரை எடுத்துவந்து வாசலில் போட்டார்கள். ஓடியது. நின்றது. இழுத்தார்கள். ஓடியது. நின்றது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அந்தத் தெருவில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

"பிளக்குய்யா."

"பெட்ரோல்ல தண்ணி கலந்துகீது, வாசனையைப் பாரு."

"வுடு, நான் இழுக்கறேன். உன் கையில தெம்பே இல்ல."

கொழுந்தனார் வெளியே வந்தார். "இத்தனை பேரு இருந்தும் ஓடலியே. போதும்ப்பா, பாடையைக் கட்டுங்க. பொண்ணு வந்து படத்தைப் பார்த்துக்கட்டும்."

செல்வம் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன். "சத்தமா, லைட்டா?" என்று என் வாய் கேட்டது.

"சத்தம்."

குச்சியை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் இருந்தது. பிறகுதான் தரையைப் பார்த்தேன். கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டி மண்ணை ஓரமாகக் கொட்டியிருந்தார்கள். மிஷினின் ஒரு பக்கம் அந்த மண்மேல் ஏறி நின்றது. செங்கல்லை அப்போதே கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை. முனை டீக்கடைக்கு நடந்தேன்.

"மூணா?" என்றார் மாஸ்டர். கேட்ட பிறகு, கிளாஸ் எடுக்க நீட்டிய கையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒண்ணு. மிஷினுக்கு."

வழிய வழிய ஊற்றிக் கொடுத்தார். கொண்டுவந்து மிஷின் தலையில் வைத்தேன். டீ ஒரு பக்கமாக ஏறி விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. செல்வம் மண்ணைக் காலால் தள்ளினார். ஒருவர் செங்கல் கொண்டுவந்தார். இன்னொருவர் பலகை. டீ மெதுவாக நடுவுக்கு வந்து நின்றது. கயிற்றை இழுத்தேன். உள்ளே ஐஸ் பெட்டி உறுமுவது கேட்டது. கொழுந்தனார் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வசந்தி வருகிற வரைக்கும் அது நிற்கவில்லை. ஆட்டோவில் இறங்கியவள் வாசலில் ஓடுகிற மிஷினைப் பார்த்தாள், அதன்மேல் இருந்த கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாவோட டீயா மாமா?" என்றாள். தலையாட்டினேன். அவள் உள்ளே போனாள். அதன் பிறகு கேட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

சாயங்காலம் அக்காவைத் தூக்கினார்கள். ஐஸ் பெட்டி காலியாக இருந்தது. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சங்கத்துக்காரர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். அதை நிறுத்த யாரும் கையை நீட்டவில்லை. தாரை தப்பட்டை தெரு முனை தாண்டியது. நான் குனிந்து சுவிட்சைத் திருப்பினேன்.

அக்கா, நிறுத்தினது நான்தான்.

மிஷின்மேல் டீ அப்படியே இருந்தது, ஏடு படிந்து, சமமாக. அதுவரை சிறுசிறு வளையமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் அதிரவில்லை.