தேதியக்கா

"இதே தேதியிலதான் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூணையும் கூண்டுல வச்சு, பலூன்ல கட்டி வானத்துக்கு அனுப்பினாங்க," என்கிறாள், புஜத்தில் ரப்பர் பட்டையை இறுக்கியபடி. நாற்காலியில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த பருத்த மனிதர் திரும்பிப் பார்க்கிறார்.

"அப்புறம்?"

ஊசி ஏறிவிட்டது.

"பஞ்சை அழுத்திப் பிடிங்க, சொல்றேன்."

மூன்றும் உயிரோடு தரையிறங்கின என்பதைப் பஞ்சு கைமாறிய பிறகுதான் சொல்வாள். முந்திச் சொன்னால் மனசு மறுபடி கைக்கே வந்துவிடுமாம். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தேதியக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

காலையில் அவள் சமையலறையில் நிற்க, கணவர் கைபேசியில் அன்றைய தேதியைத் தேடி வாசிப்பார். அவருக்குப் போர் என்றால் உயிர்.

"இன்னைக்கு ஒரு ராஜா தலையை வெட்டியிருக்காங்க."

"வேற."

"கப்பல் முழுகியிருக்கு."

"ரத்தம் குடுக்க வர்றவங்ககிட்ட சொல்ற சேதியா இது? ஏதாவது பாதியில நிக்கிற மாதிரி பாருங்க."

வேடிக்கையான சம்பவங்களையும் ஒதுக்கிவிடுவாள். ஒருமுறை கோமாளித்தனமான ஏதோ ஒரு கதையைச் சொல்லப்போய், கேட்டவர் குலுங்கிச் சிரித்து, நரம்பு விலகி, முழங்கையெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. அவளுக்கு ஆச்சரியம்தான் வேண்டும். ஆச்சரியப்படுகிறவன் அசையமாட்டான். சுவரிலிருந்து ஓர் ஓவியத்தைத் திருடிப் போனதும் அந்த வெற்றுச் சுவரைப் பார்க்க ஜனங்கள் வரிசை கட்டிய கதை கிடைத்த ஆகஸ்டு நாளில், ஒருவர்கூட 'ஸ்' என்று சொல்லவில்லை.

சென்ற வாரம் அந்த நாற்காலியில் அவளுடைய சொந்த அக்காவே வந்து உட்கார்ந்தாள். நாலு மாதமாகக் கிறுகிறுப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்தும் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தவள். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவருக்கு ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

"இதே தேதியிலதான்..." என்று தொடங்கினாள்.

"ஏய், உன் ஆட்டுக் கதையை ஊராங்கிட்ட வச்சுக்க. எனக்குக் குத்தாதே, நான் போறேன்." அக்கா கையை இழுத்து மடிக்குள் பதுக்கிக்கொண்டாள்.

தங்கை வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். பிறகு அந்தக் கையை மெல்ல எடுத்துப் பட்டையைச் சுற்றினாள்.

"சரி, கதை வேண்டாம். நீ என்னைப் பள்ளிக்கூட வாசல்ல மறந்து விட்டுட்டு வந்தியே, அது இன்னைக்குத்தானே?"

"யாரு, நானா மறந்தேன்?"

"நீதான். இதே தேதி."

"இதே தேதியா? அன்னைக்கு மழை ஊத்துச்சுடி. இது மழை மாசமா? நான் ஒண்ணும் மறக்கலை, உன் செருப்பு ஒண்ணு சாக்கடையில போச்சு, அதைத் தேடிப் போனேன். திரும்பி வந்தா நீ ஊரைக் கூட்டிக்கிட்டு நிக்கறே. அப்பா வந்து யாரை அடிச்சாரு? என்னைத்தான். உனக்கு ஒரு அடி விழுந்துச்சா? சொல்லு பாப்போம்."

தங்கை பட்டையைத் தளர்த்தினாள். அக்கா குனிந்து பார்த்தாள். ஊசியோடு செருகிய சின்னக் குழாய் சிவப்பாக நிறைந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி."

"கையை ஆட்டாதே."

"அப்போ தேதி பொய்யா?"

"பஞ்சைப் பிடி."

அக்கா பஞ்சைப் பிடித்தபடி எழுந்து, "சாயந்தரம் ரிசல்ட்டை நீயே வந்து சொல்லு, போன்ல வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை தங்கை குழாயில் பெயர்ச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். அது இன்னும் உடம்புச் சூட்டோடு இருந்தது. ஸ்டாண்டில் செருகாமல், உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள்.