மூன்றாவது மணி

சட்டைப் பையில் செல்போன் அடிக்கிறது. முனிராஜ் அதை எடுப்பதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு எண்ணுகிறார். ஒரு மணியோடு நின்றால் சிப்காட்டில் லோடு தயார். இரண்டு என்றால் லாரி சேலம் போய்ச் சேர்ந்துவிட்டது. “வேல முடிஞ்சிச்சு, செலவில்ல” என்று போனைத் தட்டிக்கொடுப்பார்.

ஓசூரில் லாரி புரோக்கர். 1998-இல் ஊரில் செல்போன் வைத்திருந்த சிலரில் ஒருவர். இரண்டு வருடம் மாத வாடகை கட்டச் சம்மதித்தால் கருவி பாதி விலை என்றான், பெங்களூரிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த ஒருவன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற விலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பேசினால் காசு. அடுத்தவர் கூப்பிட்டு நாம் கேட்டாலும் காசு. கூப்பிடுவது யாரென்று திரையில் தெரிய வேண்டுமா, அதற்குத் தனிக் காசு. கர்நாடகத்துப் போனை ஓசூரில் நின்று எடுத்தால், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு காசு.

“மாட்ட பாதி வெலைக்குக் குடுத்துட்டு, அது கத்துனா ஒரு காசு, நாம காதுல வாங்குனா ஒரு காசுன்னா, இன்னா சாமி ஞாயம்?”

பேசியே ஆகவேண்டுமென்றால் மொபெட்டில் போய், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி நின்று பேசுவார். பெட்ரோல் கணக்கை நான் கேட்டதில்லை. நண்பரை இழக்க மனமில்லை. இடக்கையில் போன், வலக்கைக் கடிகாரம் கண்ணுக்கு நேரே. நொடி முள் ஒரு சுற்று முடியப் போகிறதென்றால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். பெரியப்பா செத்த செய்தியைக்கூட ஒரு ‘ஐயோ’வோடு முடித்துக்கொண்டவர்.

மகள் காவேரிக்குத் தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் ஏறிப்போனதால் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மருமகன் திம்மராயனிடம் இவர் முன்பே பேசி வைத்திருந்தார்: “ஒரு ரிங்குன்னா பொண்ணு, ரெண்டுன்னா பையன். அதுக்கு மேல உடாதீங்க மாப்ள.” அன்றைக்கு லோடுக்காரர்கள் யாரும் அடிக்கக் கூடாதென்று உத்தரவு.

ருக்மணியின் எஸ்.டி.டி. பூத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது.

“பொண்ணு!” என்றார். மறுபடி அடித்தது. “இல்ல, பையன்!” என்று எழுந்தே விட்டார். மூன்றாவது மணியும் அடித்தது. நான்காவதும்.

முகம் வெளிறிப்போனது. “மூணாவதுக்கு நாங்க ஒண்ணும் பேசி வெக்கலியே, சாமி...”

போன் கையில்தான் இருந்தது. விரல்தான் பொத்தானுக்குப் போகவில்லை. அந்த மனிதர் காசுக்கல்லாமல் வேறொன்றுக்குப் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

“அண்ணா, எடுங்கண்ணா!” என்று ருக்மணி கத்தினாள்.

எடுத்தார்.

“அப்பா, நான்தான். எண்ணுனது போதும், இத கேளு.” காவேரியின் களைத்த குரல் எங்களுக்கும் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குழந்தையின் வீறிடல்.

பெண்ணா, பையனா என்று அவர் கேட்கவில்லை. வழக்கம்போல் வலக்கை மட்டும் கண்ணுக்கு நேரே உயர்ந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கடிகாரத்தைக் கழற்றி, ருக்மணியின் மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.