என் பெயரில் ஐந்து நட்சத்திரம்

அண்ணன் மகளின் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் தலைக்கு டை அடிக்க நேரம் கிடைத்தது. நான் வழக்கமாகப் போகும் சலூனை நடத்திய அம்மா கனடாவுக்கு மகளிடம் போய்விட்டார். வெள்ளவத்தையில் சலூனுக்குக் குறைவில்லை. எதை நம்புவது என்பதுதான் தெரியவில்லை.

வேலையால் வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, போனில் ரிவியூக்களை வாசித்தேன். அடுத்த ஒழுங்கையில் இருந்த ஒரு சலூனுக்கு நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன. பாதிக்கு மேல் ஒரே கிழமைக்குள் எழுதப்பட்டவை. வசனமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சூப்பர் சேர்விஸ், நல்ல ஸ்டாஃப். காப்புறுதி அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி எழுதினால் எனக்கு உடனே பிடிபடும். இதுவும் பிடிபட்டது. ஆனால் அலுப்பாக இருந்தது. நடந்து போகிற தூரம் என்பதற்காகவே புக் பண்ணினேன்.

எனக்கு டை பூசியவள் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. மென்மையான கை. கொஞ்ச நேரத்தில் நெற்றியோரம் எரியத் தொடங்கியது. சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, இப்ப கழுவிடலாம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா என் போனை எடுத்து என் கையில் தந்தார். "அக்கா, ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டு விடுங்கோ. இந்தப் பிள்ளையின்ர பேரையும் எழுதுங்கோ. அதைப் பாத்துத்தான் நான் ஆளை வச்சிருக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுப்பன்."

கண்ணாடியில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எரிச்சலோடேயே ஐந்து நட்சத்திரமும் போட்டு, அவள் பெயரையும் எழுதினேன்.

மறுநாள் காலை முகம் வீங்கி இரண்டு கண்ணும் திறக்கவில்லை. டொக்டர் பார்த்துவிட்டு, "டை அடிக்க முதல் காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசிப் பாத்தவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். மருந்து எழுதித் தந்தார். வீக்கம் முழுதாக வற்றவில்லை. கலியாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது நானாகவே பின்வரிசைக்குப் போய்விட்டேன்.

கலியாண லீவு முடிந்து அலுவலகம் போன அன்று, கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். "தங்கச்சிட நிக்காஹ்வுக்கு சலூன் புக் பண்ணிட்டேன். உங்கட ரிவியூவ பாத்துத்தான். தெரிஞ்ச ஆள் எழுதினா நம்பலாம்தானே?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

"அல்லாஹ்! அப்ப ஏன் அப்பிடி எழுதினீங்க?"

டை பூசிய பிள்ளையின் வேலைக்காக என்றேன். அவள் என் முன்னால் நின்றே சலூனுக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரிவியூவை மாற்றி எழுதினேன். பரிசோதித்துப் பார்க்காமல் டை பூசினார்கள், முகம் வீங்கியது, எழுதச் சொல்லிக் கேட்டதால் முன்பு நல்லதாக எழுதினேன். பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டேன். ஒரு நட்சத்திரம்.

பின்னேரமே முதலாளியம்மாவின் அழைப்பு. "அக்கா, நீங்கள் எழுதினதால அந்தப் பிள்ளைய நிப்பாட்டிப்போட்டன். இப்ப சந்தோசமோ? அதை அழிச்சீங்கள் எண்டா திரும்பக் கூப்பிடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். இரண்டு நாள் அழிப்பதா விடுவதா என்று போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சனிக்கிழமை பொறுக்க முடியாமல் அந்த ஒழுங்கையால் நடந்தேன். கண்ணாடிக் கதவுக்குள் அந்தப் பிள்ளை நின்றாள். யாரோ ஒருவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காணவில்லை.

நிம்மதிதான் முதலில் வந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உள்ளே போய்ச் சண்டை பிடிக்கத் தெம்பும் இல்லை. பக்கத்துக் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரிவியூவை அழிக்கவில்லை. இரவுச் சமையலுக்கு முன் ஒருதரம் பார்த்தேன். அதற்கு மேலே புதிதாகப் பல ஐந்து நட்சத்திரங்கள் வந்திருந்தன. என்னுடையதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் விரலால் தள்ள வேண்டியிருந்தது.