போடிமெட்டு ஜீப்பும் இரண்டு கிலோமீட்டர் ஒளியிழையும்

மலைப்பாதை என்றாலே எனக்குப் பயம். ஆனாலும் போன ஆடியில், சாரலோடு சாரலாகப் போடிமெட்டு ஏறினேன். காரணம், மடியில் இருந்த உருளை. அதில் இரண்டு கிலோமீட்டர் ஒளியிழை, அதாவது ஆப்டிகல் ஃபைபர். பூப்பாறைப் பக்கம் நண்பர் ரவியின் ஆய்வகத்தில் பத்து மணிக்குச் சோதனை. மூன்று வருட உழைப்பு, தோற்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

எங்கள் வேலை இதுதான். ஒளியாக வரும் தகவல் பொட்டலங்கள் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு வந்தால் மோதிக் கெடும். காத்திரு என்றால் ஒளி கேட்குமா? அதற்கு நிற்கத் தெரியாது. அதனால் இழைச் சுருளில் சுற்றவிட்டுத் தாமதிக்க வைக்கிறோம். இரண்டு கிலோமீட்டருக்கு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

காலை 6.20க்குப் போடியில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு. மெட்டுக்கு 26 கிலோமீட்டர், 150 ரூபாய். தூக்குவாளிகளோடு பதினான்கு பேர். பாதி வளைவுகள் தாண்டியதும், மண் சரிந்து ஒரு வண்டி மட்டுமே நுழையும் இடம். மேலிருந்து லாரி இறங்குகிறது, எங்களுக்கு முன்னால் இன்னொரு ஜீப்பு.

"நிப்பாட்டுப்பா!" என்று அலறிவிட்டேன்.

"நிப்பாட்டுனா பின்னாலயே போயிரும்ணே, லோடு அப்படி," என்றார் டிரைவர் பாண்டி.

முன் ஜீப்பு கீழ் மண்பாதையில் திரும்பியது. பாண்டி மேல்பாதையில் விட்டார். இரண்டும் எஸ்டேட்டைச் சுற்றி அதே ரோட்டுக்குத்தான் வரும். என் பக்கம் அதலபாதாளம். கண்ணை இறுக மூடினேன்.

"முழிங்க தம்பி, மூடுனாத்தான் கிறுகிறுக்கும்," என்றார் பக்கத்திலிருந்த சிலமலை ஊர்க்கார அக்கா.

"ரெண்டு ஜீப்பும் ஒண்ணா வெளிய வந்துட்டா?" என்று பாண்டியைக் கேட்டேன்.

"மொத வண்டி சின்னச் சுத்து, அடுத்தது பெரிய சுத்து. அதான் எங்க வழக்கம். ரெண்டு சுத்தும் ஒரே நீளம்னா சுத்தி என்னண்ணே புண்ணியம்? வெளிய வர்ற எடத்துல முட்டிக்கிரும்."

ஐயோ! மடியிலிருந்த உருளையைப் பார்த்தேன். ரவியிடம் இருக்கும் சுருளும் இரண்டு கிலோமீட்டர்தான். ஒரே அளவு வாங்கினால் சுலபம் என்றது நானேதான். இதுவரை இரண்டு பொட்டலங்களை விட்டுத்தான் பார்த்திருந்தோம். இன்று மூன்று. ஒன்று நேராகப் போகும், மற்ற இரண்டும் சுற்றி வந்து மோதும். போனில் சிக்னலும் இல்லை. மெட்டு வரை பள்ளத்தைவிட அதுதான் பயமாக இருந்தது.

7.40க்குச் சிக்னல் வந்தது. "ரவி, உன் சுருளைப் பாதியா வெட்டு!"

"பைத்தியமாடா உனக்கு?"

"வெரசா வெட்டு. வந்து சொல்றேன்."

பத்து மணிச் சோதனையில் மூன்று பொட்டலமும் ஒன்றன்பின் ஒன்றாக முழுசாக வந்தன.

போகிறவர்களுக்கு: ஆடியில் ஸ்வெட்டர் அவசியம். ஓரத்து இருக்கை வேண்டாம். சரிவில் டிரைவரிடம் நிப்பாட்டச் சொல்லாதீர்கள். நான் மலையிறங்கும்போது அதே இடத்தில் மறுபடி லாரி வந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.